இரண்டு முறை இழுத்துப் பார்ப்பவர்

மாமா எதையும் ஒரு முறை இழுத்துப் பார்த்து நம்பிவிடமாட்டார். வீட்டைப் பூட்டினால் பூட்டைப் பிடித்து ஓர் இழுப்பு. பிறகு கையை எடுத்துவிட்டு, சட்டைப் பையைத் தடவுவதுபோலப் பாவனை செய்து, பூட்டு அசந்திருக்கும் நேரம் பார்த்து இன்னோர் இழுப்பு. முதலாவது நலம் விசாரிப்பதுபோல மெதுவாக இருக்கும். இரண்டாவது வெடுக்கென்று இருக்கும். தண்ணீர் பாட்டிலின் மூடி, பையின் ஜிப், அடுப்புக்குப் போகும் ரப்பர் குழாய், மொட்டைமாடிக் கொடிக்கயிறு என்று எல்லாவற்றுக்கும் அதே விசாரணைதான். ஸ்கூட்டரில் அக்கா பின்னால் ஏறி உட்கார்ந்ததும் உடம்பைத் திருப்பி, அவள் தாடைக்குக் கீழே ஹெல்மெட் வாரை இரண்டு முறை இழுப்பார். அக்கா ஒவ்வொரு முறையும் முகம் சுளிப்பாள். ஒவ்வொரு முறையும் தாடையை முன்னால் நீட்டியும் கொடுப்பாள்.

“கழுத்தைக் கழட்டிக் கையில கொடுத்துடுவீங்க போல.”

“கழுத்து கழண்டா மாட்டிக்கலாம். வார் கழண்டாத்தான் வம்பு.”

அவருக்கு லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை. கம்பெனியில் அவருக்குப் பெயரே ‘ரெண்டிழுப்பு’தான். வேலை பழகிய காலத்தில், லிஃப்ட் ஏறி இறங்கும் குழியின் உச்சியில் ஒரு கொக்கியில் கருவிப் பையை மாட்டினாராம். ஒரு முறை இழுத்துப் பார்த்தார், நின்றது. திரும்பி ஸ்பேனரை எடுப்பதற்குள் பை கொக்கியோடு சேர்ந்து கீழே போய்விட்டது. குழிக்குள் வேலை செய்துகொண்டிருந்த பெரியவர் டீ குடிக்க அப்போதுதான் வெளியே ஏறியிருந்தார். அவர் திட்டவில்லை. டீயை நிதானமாகக் குடித்து முடித்து, வந்து, மாமாவின் தோளில் தட்டிவிட்டுப் போனார்.

“அடிச்சிருந்தா மறந்திருப்பேன் மாப்ள” என்பார் மாமா. “முதல் இழுப்புக்கு எல்லாமே நல்ல பிள்ளை மாதிரி நிக்கும். ரெண்டாவதுலதான் குட்டு வெளிப்படும்.”

நான் அக்காவின் தம்பி. அவர்கள் வீட்டின் பின்னறையில் தங்கி, மூக்குக்கண்ணாடிக் கடை ஒன்றில் வேலை பார்த்துவந்தேன். நான் அதிகம் பேசமாட்டேன் என்பதால் இருவருமே என்னிடம் வந்து பேசுவார்கள். என் கையில் இருக்கும் கவிதைப் புத்தகத்தை மாமா சில சமயம் வாங்கிப் பார்ப்பார். “என்ன மாப்ள, வரியெல்லாம் பாதியிலயே நின்னுடுது? பேப்பர் நிறைய மிச்சம் இருக்கே” என்று திருப்பிக் கொடுப்பார். கொடுப்பதற்கு முன் அட்டையை இரண்டு முறை இழுத்துப் பார்ப்பார். தையல் உறுதியாக இருந்தால் கவிதைமேலும் கொஞ்சம் மரியாதை வரும்.

அக்கா ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் இருந்தாள். வார்டுகளிலிருந்து வரும் படுக்கை விரிப்புகள், தலையணை உறைகள், அறுவைசிகிச்சை அறையின் பச்சைத் துணிகள் எல்லாம் அவள் கை வழியாகத்தான் வெள்ளையாகவும் பச்சையாகவும் திரும்பிப் போகும். துணி ஏற்றும் சின்ன லிஃப்ட் ஒன்று அங்கே அடிக்கடி இரண்டு மாடிகளுக்கு நடுவில் முரண்டு பிடித்து நிற்கும். அதைச் சரிசெய்ய வந்தவர்தான் மாமா. வேலையை முடித்துக் கையைத் துடைத்தபடி, “இனிமே நிக்காது” என்றாராம். “நிக்கும்” என்றாளாம் அக்கா. பந்தயம் ஒரு டீ. லிஃப்ட் அன்றைக்குச் சாயங்காலமே நின்றது. டீ வாங்கிக் கொடுத்தார். பிறகு கல்யாணமும் செய்துகொண்டார். இன்றைக்கும் கேட்டால், “நான் எங்க தோத்தேன்? லிஃப்ட்தான் தோத்துது” என்பார்.

அதிலிருந்து அந்த வீட்டில் எதையும் பேசி முடிவு செய்வதில்லை, பந்தயம்தான். சமையலறைக்கு என்ன வண்ணம் என்பதை, தெருமுனையில் முதலில் வருவது பஸ்ஸா லாரியா என்று பார்த்து முடிவு செய்தார்கள். லாரி வந்தது; சுவர் நீலமானது. யார் பாத்திரம் துலக்குவது, எந்தப் பக்கம் யார் படுப்பது, என்னைப் பின்னறையில் வைத்துக்கொள்வதா வேண்டாமா என்பதுகூட அப்படித்தான் முடிவானது என்று பிறகு தெரிந்தது. யார் எந்தப் பக்கம் பந்தயம் கட்டினார்கள் என்று நான் கேட்கவில்லை.

இரண்டு விதிகள் உண்டு. முடிவு வந்த பிறகு அதைப் பற்றிப் பேச்சு இல்லை. யாரும் யாருக்கும் விட்டுக்கொடுக்கக் கூடாது.

இரண்டாவது விதிக்கு ஒரு கதை இருக்கிறது. கல்யாணமான புதிதில் வாங்கிய அலமாரியில் மேல் பகுதி யாருக்கு என்று போட்டி. இருவரும் ஒற்றைக் காலில் நிற்க வேண்டும். முதலில் காலை ஊன்றுபவர் தோற்றவர். மாமா வேண்டுமென்றே காலை ஊன்றினார். ஊன்றியவர் சும்மா இருந்திருக்கலாம், சிரித்துவிட்டார். அக்கா அதைப் பிடித்துக்கொண்டாள். பிறகு எத்தனையோ மாதம் அவள் துணிமணிகள் அட்டைப்பெட்டியில்தான் இருந்தன. அலமாரியின் மேல் பகுதி காலியாகவே கிடந்தது. “பிச்சை போட்ட இடத்துல என் புடவையை வைக்கமாட்டேன்” என்றாள். அவள் அப்படித்தான். எதையும் வாங்கிக்கொள்வாள், யாராவது கொடுத்தால் வாங்கமாட்டாள்.

ஈரத்துணி இழுத்து இழுத்து அக்காவுக்கு இடுப்பு வலி வந்தது. ஆஸ்பத்திரியின் பிசியோதெரபி அறையில் இரண்டு துடுப்பு மிஷின்கள் இருந்தன. நீளமாக ஒரு தண்டவாளம், அதில் முன்னும் பின்னும் ஓடும் சீட், பாதத்தை வைத்துக் கட்டிக்கொள்ளப் பட்டை, இழுப்பதற்குச் சங்கிலியோடு ஒரு கைப்பிடி, முன்னால் ஒரு காற்றாடி. இழுக்க இழுக்கக் காற்றாடி இரையும். திரையில் தூரம் ஏறும். அந்த அறைக்குப் பொறுப்பான பிசியோ மேடம், வேலை முடிந்ததும் வந்து தினம் கொஞ்ச நேரம் இழுக்கச் சொன்னார். அக்காவை அழைத்துப்போக வந்த மாமாவுக்குச் சும்மா உட்காரத் தெரியாது. கொஞ்ச நேரம் காலை ஆட்டினார். பிறகு சன்னல் கொக்கியை இழுத்துப் பார்த்தார். பிறகு பக்கத்து மிஷினில் உட்கார்ந்துவிட்டார்.

இரண்டு பேருக்கும் நீச்சல் தெரியாது. நிஜப் படகில் ஒருநாளும் ஏறியதில்லை. “தண்ணியே இல்லாம எவ்ளோ தூரம் போயிட்டோம் பாத்தியா” என்று மாமா மூச்சு வாங்குவார். “போயும் ஆஸ்பத்திரியைத் தாண்டலையே” என்பாள் அக்கா. வலி போன பிறகும் அவர்கள் மிஷினை விடவில்லை.

இதற்கிடையில்தான் அந்த வேலை வந்தது. வேறொரு ஊரில் புதிதாகத் திறக்கும் ஆஸ்பத்திரியில் சலவைப் பிரிவு முழுவதையும் அக்காவின் பொறுப்பில் விடுவதாகச் சொன்னார்கள். அக்காவுக்குப் போக வேண்டும். அதை அவள் சொல்லவில்லை. துணி மடிக்கும் வேகத்தில் தெரிந்தது. என்னிடம் மட்டும் ஒருநாள், “எனக்குக் கீழ நாலு பேர் இருக்கணும்னு ஆசையில்லடா. எனக்கு மேல யாரும் இல்லாம இருந்தாப் போதும்” என்றாள்.

மாமாவுக்குப் போக விருப்பமில்லை. இந்த ஊரின் லிஃப்ட்டுகள் அவருக்கு ஆட்கள் மாதிரி. கதவில் உள்ளங்கையை வைத்தால் போதும், எந்த மோட்டாருக்குச் சளி, எந்தக் கயிற்றுக்கு வயதாகிவிட்டது என்று சொல்லிவிடுவார். “அங்க போனா நான் மறுபடியும் புதுப்பையன் மாப்ள. ‘அந்த ஸ்பேனரை எடு’ன்னு எவனாவது சொல்லுவான்” என்றார். அவரும் அதை அக்காவிடம் சொல்லவில்லை.

வீட்டில் யாருக்கும் ஓரிடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. அக்கா துடைத்த மேசையையே துடைப்பாள். மாமா சாப்பிட உட்கார்ந்து, எழுந்து குழாயை இறுக்கி, மறுபடி உட்கார்ந்து, தட்டை எடுத்துக்கொண்டு சன்னலோரம் போய் நின்று சாப்பிடுவார். ஒருவர் அறைக்குள் வந்தால் மற்றவருக்கு வெளியே ஏதாவது வேலை இருக்கும். நடுவில் நான் புத்தகத்தின் அதே பக்கத்தை விரித்துவைத்துக்கொண்டு, இரண்டு மின்விசிறிகளுக்கு நடுவில் வைத்த காகிதம்போல உட்கார்ந்திருப்பேன்.

அந்த ஆண்டு ஆஸ்பத்திரி ஊழியர்களுக்கும் குடும்பத்தாருக்கும் துடுப்பு மிஷின் போட்டி வைத்தார்கள். அதில் கணவன் மனைவிக்கு ஜோடிப் போட்டி ஒன்று. பக்கத்துப் பக்கத்து மிஷினில் இருவரும் இழுக்க வேண்டும். முதல் மணியிலிருந்து கடைசி மணி வரை இருவரும் போன தூரத்தைக் கூட்டி, கூடுதலாக வந்த ஜோடிக்குக் கோப்பை. அறிவிப்பு ஒட்டிய அன்று நான் பிசியோ அறையில் அவர்களுக்காகக் காத்திருந்தேன். இருவரும் இழுத்துக்கொண்டிருந்தார்கள். அக்கா திரையைப் பார்த்தபடியே பேசினாள்.

“ஜோடிப் போட்டியில பேர் கொடுத்திருக்கேன்.”

“ம்.”

“அன்னிக்கு நம்ம ரெண்டு பேர்ல யார் தூரம் அதிகமோ, அவங்க சொல்றதுதான். போறதா இருக்கிறதான்னு.”

மாமா கைப்பிடியை இழுத்தார். காற்றாடி இரைந்தது. சீட் பின்னால் போனது, முன்னால் வந்தது, மறுபடி பின்னால் போனது.

“சரி” என்றார். “விட்டுக்கொடுக்கிற வேலை கிடையாது.”

“அதை நீங்க எனக்குச் சொல்றீங்களா?”

புது ஆஸ்பத்திரிக்குப் பதில் சொல்ல வேண்டிய நாள், போட்டிக்கு அடுத்து வந்த திங்கட்கிழமை.

அன்றிலிருந்து சேர்ந்து பயிற்சிக்குப் போவது நின்றது. அக்கா வேலைக்கு முன்னால் போய் இழுத்தாள். மாமா மதியச் சாப்பாட்டு நேரத்தில் போனார். இருவருக்கும் நடுவில் ஒற்றனாக நான் மாட்டிக்கொண்டேன்.

“டேய், மாமா எப்படி? மூச்சு வாங்குறாரா?”

“நான் பாக்கலக்கா.”

“எல்லாத்தையும் பாப்பே, இதை மட்டும் பாக்கமாட்டே.”

அடுத்த நாள் மாமா ஸ்கூட்டரைத் துடைப்பதுபோல என் பக்கம் வந்தார். “மாப்ள, உங்கக்கா காலையில முட்டை எத்தனை சாப்பிடுறா?”

“கவனிக்கல மாமா.”

“நீ கண்ணாடிக் கடையில வேலை பாத்து என்னய்யா பிரயோஜனம்?”

ஆனால் அந்த நாட்களிலும் ஹெல்மெட் வார் மட்டும் தவறவில்லை. முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டே அக்கா தாடையை நீட்டுவாள். முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டே மாமா இழுப்பார்.

போட்டி ஆஸ்பத்திரியின் பெரிய கூடத்தில் நடந்தது. நாற்காலிகளைச் சுவரோரம் ஒதுக்கிவிட்டு, மிஷின்களை வரிசையாகப் போட்டிருந்தார்கள். வேறு உடற்பயிற்சிக் கூடங்களிலிருந்தும் மிஷின்களை இரவல் வாங்கியிருந்ததால் புதிதும் பழையதும் கலந்திருந்தன. மேடையில் ஒரு பெரிய திரை. ஒவ்வொருவரும் அதில் ஒரு குட்டிப் படகாகத் தெரிந்தார்கள். ரப்பர், வியர்வை, வாழைப்பழத் தோல் எல்லாம் கலந்த வாசனை. ஒலிபெருக்கியைப் பல் டாக்டர் ஒருவர் வைத்திருந்தார். வாயைத் திறந்து வைத்திருப்பவர்களிடமே பேசிப் பழகியவர் என்பதால், யாரும் பதில் சொல்வார்கள் என்ற எதிர்பார்ப்பே இல்லாமல் பேசிக்கொண்டிருந்தார்.

எங்கள் வரிசையில் ஆஸ்பத்திரி வளாகத்துப் பேக்கரிக்காரத் தம்பதி, ஆம்புலன்ஸ் ஓட்டுநரும் மனைவியும், இரத்தப் பரிசோதனைக்கூடத்துப் புதுமண ஜோடி. பேக்கரிக்காரர் மாவு பிசைந்தே தோள்களை வளர்த்திருந்தார். அவர் மனைவி அவரைவிட ஒரு பிடி கூடுதல்.

“ரெண்டிழுப்புன்னு பேர் வெச்சுக்கிட்டு வந்திருக்கீங்களே, ரெண்டோட நிறுத்திடுவீங்களா?” என்று பேக்கரிக்காரர் வம்புக்கு இழுத்தார்.

“மூணாவது இழுப்பு உங்க கோப்பையை” என்றார் மாமா. ஆனால் குரலில் சிரிப்பு இல்லை. அவர் கண் கோப்பையில் இல்லை. அக்காவின் கண்ணும் அதில் இல்லை. பிசியோ மேடம் மட்டும் வழக்கம்போலத் தரையில் முழங்காலிட்டு, போனைக் கால்களின் உயரத்தில் பிடித்துக்கொண்டிருந்தார். “முகத்தையெல்லாம் வேற யாராவது எடுப்பாங்க. முழங்கால்தான் பொய் சொல்லாது” என்பது அவர் கட்சி.

அக்காவுக்குப் பரபரப்பு வந்தால் கழிவறைக்குப் போக வேண்டும். ஏற்கெனவே போய் வந்தவள் மறுபடி போனாள். நான் துண்டு எடுக்கச் சுவரோரம் வைத்திருந்த பைக்குப் போனேன். திரும்பி வரும்போது பல் டாக்டர், “கடைசி ஜோடி, கடைசி ஜோடி, இடத்துக்கு வரவும்” என்று அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். அக்கா ஈரக் கையை உதறியபடி ஓடிவந்தாள். அவளுக்குக் கொடுத்திருந்த மிஷினில் மாமா உட்கார்ந்திருந்தார்.

“என்னங்க, இது என்னோட இடம்.”

“நீ அதுல உக்காரு. எனக்கு இந்தப் பக்கம்தான் காத்து வருது.”

“போட்டின்னு வந்ததும் காத்துக்குக்கூடப் பங்கு போடுறீங்களா?”

“உக்காரும்மா, மணி அடிக்கப் போறான்.”

அவள் உட்கார்ந்து பட்டையைக் கட்டிக்கொண்டாள். மணி அடித்தது.

நான் அவர்களுக்குப் பின்னால் நின்றிருந்தேன். இருவர் திரைகளும் எனக்குத் தெரிந்தன. தொடக்கத்தில் அக்கா முன்னால் போனாள். அவள் இழுப்பில் அவசரம் இல்லை. ஈர விரிப்பை மிஷினிலிருந்து உருவுவதுபோல, முதுகு முழுவதையும் கொடுத்து உருவினாள். மாமா ஆரம்பத்தில் என்னவோ தயங்கித் தயங்கி இழுத்தார். காலைப் பார்த்தார். பிறகு வேகம் பிடித்தது. கூடம் முழுக்கக் காற்றாடிகளின் இரைச்சல். அத்தனை பேரும் மூச்சு முட்ட எங்கோ போய்க்கொண்டிருந்தார்கள். ஒருவரும் இருந்த இடத்தை விட்டு நகரவில்லை. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கே கால் பரபரத்தது.

பாதிக்கு மேல் மாமா அவளை எட்டிப் பிடித்தார். ஓர் இழுப்பில் அவர் முன்னால், அடுத்ததில் அவள். அக்காவின் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. மாமாவின் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. முடிய இன்னும் கொஞ்சம்தான் இருந்தது. மாமாவின் படகு நிதானமாக விலகி முன்னேறியது. இனி அக்காவால் எட்ட முடியாது என்று எனக்குத் தோன்றியது. இந்த வீடு, நீலச் சுவர், என் பின்னறை எல்லாம் அப்படியே இருக்கப் போகின்றன என்றும் தோன்றியது.

அப்போது மாமாவின் வலது கால் பட்டையிலிருந்து விடுபட்டது. சீட் தடாலென்று பின்னால் ஓடி முட்டியது. அவர் மல்லாக்கச் சாய்ந்தார். கைப்பிடி கையை விட்டுப் போய்ச் சங்கிலியோடு முன்னால் அடித்தது. அக்கா ஒரு கணம் திரும்பிப் பார்த்தாள். திரும்பிப் பார்த்தாலும் இழுப்பதை நிறுத்தவில்லை. மாமா தவழ்ந்து போய்க் கைப்பிடியைப் பற்றினார். ஒற்றைக் காலை ஊன்றிக்கொண்டு, மற்றக் காலைத் தரையில் போட்டபடி, கோணல்மாணலாக இழுத்தார். மணி அடித்தபோது அக்கா கொஞ்சம் முன்னால் இருந்தாள்.

பேக்கரித் தம்பதிக்குக் கோப்பை கிடைத்தது. எங்கள் ஜோடிக்கு என்ன இடம் என்று பல் டாக்டர் சொன்னார். மூன்று பேரில் ஒருவரும் காதில் வாங்கவில்லை. மாமா குனிந்து பட்டையோடு ஏதோ மல்லாடிக்கொண்டிருந்தார். அக்கா தன் இடத்திலிருந்து எழுந்திருக்கவே இல்லை. ஜெயித்தவளின் முகமாக அது இல்லை.

 அவர்கள் ஸ்கூட்டரில் போக, நான் பஸ்ஸில் வந்து சேர்ந்தபோது, சமையலறையில் குரல் கேட்டது. அக்காவுக்குக் கோபம் வந்தால் ‘நீங்க’ போய் ‘நீ’ வந்துவிடும்.

“பாட்டில் மூடியை ரெண்டு தடவை இழுத்துப் பாக்கிற ஆளு, கால் பட்டையைப் பாக்காம உக்காந்தியா? யார் காதுல பூ சுத்துற?”

“பாத்தேன்.”

“பாத்தா எப்படிக் கழலும்?”

“கழண்டுடுச்சு. நான் என்ன பண்ண?”

“காத்து வர்ற இடம்னு நல்ல இடமா பாத்து வாங்கிக்கிட்டே. முன்னாடியும் போயிட்டே. கடைசியில ஐயோ பாவம்னு விட்டுக்கொடுத்தே. அதானே?”

“இல்ல.”

“சிரிச்சே. நான் திரும்பிப் பாத்தேன். நீ சிரிச்சே. அலமாரி அன்னிக்குச் சிரிச்ச அதே சிரிப்பு.”

“முதுகுல சீட் முட்டுனதுல பல்லைக் கடிச்சேன். அது உனக்குச் சிரிப்பா?”

“மிஷினைக் கொண்டாரச் சொல்றேன். மறுபடி இழுப்போம்.”

“முடிஞ்சது முடிஞ்சதுதான். விதி நீ போட்டது.”

“விட்டுக்கொடுத்தா செல்லாது. அதுவும் நான் போட்ட விதிதான்.”

மாமா என்னைப் பார்த்தார். நான் அவர் பக்கம் ஒரு வார்த்தை சொல்வேன் என்று நினைத்திருக்கலாம். ஆனால் எனக்கும் அக்காவின் சந்தேகம்தான். எதையும் நம்பாத கை, தன் காலை மட்டும் எப்படி நம்பியது? அவர் விட்டுக்கொடுத்துவிட்டார் என்றே நினைத்தேன். அதை அழகான காரியம் என்றும் நினைத்துக்கொண்டேன். அக்காவுக்கு அதில் ஓர் அழகும் தெரியவில்லை. அவளுக்கு அது மறுபடியும் ஒரு காலி அலமாரி.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க வீடு கொதிநிலையிலேயே இருந்தது. அக்கா போனைக் கையில் எடுப்பாள், வைப்பாள், மாடிக்குப் போவாள், காயாத துணியைத் திருப்பிப் போட்டுவிட்டு இறங்கி வருவாள். “போகலன்னு சொல்லிடப் போறேன்” என்று என்னிடம் சொன்னாள். “கொடுத்து வாங்குற ஊர் எனக்கு வேணாம்.” மாமா நொண்டி நொண்டி நடந்துகொண்டே இருந்தார். வலது கணுக்கால் வீங்கியிருந்தது. எண்ணெய் தேய்க்கச் சொன்னால், “நடந்தாத்தான் சரியாகும்” என்று இன்னும் நடந்தார்.

திங்கட்கிழமை காலையில் மாமா வேலைக்குக் கிளம்பவில்லை. கூடத்தின் நடுவில் கருவிப் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாகத் துடைத்து, பழைய துணியில் சுற்றி அடுக்க ஆரம்பித்தார். அக்கா சமையலறை வாசலில் நின்று பார்த்தாள்.

“என்ன பண்றே?”

“மூட்டை கட்டுறேன். தோத்தவன் வேற என்ன பண்ணுவான்?”

“நீ தோக்கல.”

“இங்க பாரு.” மாமா ஸ்பேனரைக் கீழே வைத்தார். அவர் குரலை நான் அப்படிக் கேட்டதில்லை. “எனக்குத் தெரிஞ்ச அளவுக்கு முதுகு உடைய இழுத்தேன். ஒத்தைக் கால்லயும் இழுத்தேன். நீ நம்பு, நம்பாம போ. ஆனா ஜெயிச்சுட்டு வேணாம்ங்கிறது எனக்கு அசிங்கம். என்னை ஒழுங்கா தோக்கவாவது விடு.”

 அக்காவின் பார்வை அவர் முகத்தில் இல்லை, வீங்கிய கணுக்காலில் இருந்தது. பிறகு போனை எடுத்தாள். மறுமுனையில் யாரோ பேசினார்கள்.

“ஆமா சார்” என்றாள். “வர்றேன்.” கொஞ்சம் நிறுத்தி, “வர்றோம்” என்றாள்.

அவர்கள் கிளம்பிய காலையில் சாமான்கள் வண்டியில் முன்னே போய்விட்டன. ஸ்கூட்டரில் ரயில் நிலையம் வரை போய், அதையும் ரயிலில் ஏற்றுவதாக ஏற்பாடு. மாமா இருக்கையில் உட்கார்ந்தார். அக்கா ஏறினாள். ஏறும்போதே வாரைத் தானே மாட்டி, தானே இழுத்து இறுக்கிக்கொண்டாள். வழக்கம்போலத் திரும்பிய மாமாவின் கை பாதி வழியில் நின்றது. பக்கக் கண்ணாடியைத் திருத்துவதுபோல அதைத் தொட்டார்.

“பாத்துக்க மாப்ள. பின்கதவுத் தாழ்ப்பாள் முதல் இழுப்புக்கு நிக்கும். நம்பாதே.”

வீட்டை நான் எடுத்துக்கொண்டேன். போனில் பேசும்போது அக்கா தன் புதுச் சலவைக்கூடத்தைப் பற்றி நிறையச் சொல்வாள், மாமாவைப் பற்றிக் குறைவாகச் சொல்வாள். மாமா அந்த ஊரின் லிஃப்ட்டுகளைத் திட்டுவார். “எல்லாம் வாயில்லாப் பூச்சி. கையை வெச்சா ஒண்ணும் பேசமாட்டேங்குது.” இப்போது எது செய்வதென்றாலும் பேசித்தான் முடிவு செய்கிறார்களாம். அதை இருவருமே ஒரு நோயைச் சொல்வதுபோலச் சொன்னார்கள்.

மழைக்காலம் முடிந்த பிறகு ஒருநாள் பிசியோ மேடம் எங்கள் கடைக்கு வந்தார். அவருக்குக் கிட்டத்தில் இருக்கும் எழுத்து மங்க ஆரம்பித்திருந்தது. புதுக் கண்ணாடியைக் காதில் பொருத்தி, படித்துப் பார்க்க அட்டையை நீட்டினேன். அவர் அட்டையை ஒதுக்கிவிட்டுத் தன் போனை எடுத்தார். “நான் தினம் பாக்கிறது இதைத்தானே. இது தெரிஞ்சாப் போதும்” என்று பழைய படங்களைத் தள்ளிக்கொண்டே போனார். ஒரு வீடியோவில் நிறுத்தினார்.

“அட, இது அந்தப் போட்டி. உங்கக்கா முழங்காலைப் பாக்கலாம்னு அவ மிஷினுக்கு நேரா போனைச் சாய்ச்சு வெச்சுட்டு நகந்துட்டேன். அவ பாத்ரூம் போயிட்டா. வெறும் மிஷினைத்தான் எடுத்திருக்கேன் போல. இன்னும் அழிக்கவே இல்ல.”

போனை என் பக்கம் திருப்பினார். அக்காவின் காலி மிஷின். மாமாவின் கைகள் உள்ளே வருகின்றன. அவள் வந்து கால் வைக்க வேண்டிய பட்டையைப் பிடித்து மெதுவாக ஓர் இழுப்பு. நிற்கிறது. கை விலகுகிறது. திரும்பி வந்து வெடுக்கென்று இன்னோர் இழுப்பு. கொக்கியிலிருந்து பட்டை நழுவி அவர் கையோடு வந்துவிடுகிறது. பின்னணியில் பல் டாக்டரின் குரல், கடைசி ஜோடி, கடைசி ஜோடி. ஒரு கை மேலே உயர்ந்து, யாரையோ கூப்பிட்டு, சற்று நேரம் அப்படியே இருந்து, இறங்குகிறது. பட்டையைக் கொக்கியில் கோத்து அவசரமாக ஒரு முடிச்சு. பிறகு அக்காவின் தண்ணீர் பாட்டிலை எடுத்துப் பக்கத்து மிஷினருகில் வைத்துவிட்டு, முடிச்சுப் போட்ட பட்டைக்குள் தன் வலது காலை நுழைத்துக்கொள்கிறார்.